டெர்ம் இன்சூரன்ஸ்: சிகரெட் பத்திக் கேக்குறாங்க, பைக் பத்தி ஏன் கேக்கல?



டெர்ம் இன்சூரன்ஸ் வாங்கும்போது வர்ற ப்ரப்போசல் ஃபார்மை முழுசா படிச்சிருக்கீங்களா? நம்மில் பலபேர் ஏஜென்டோ ஆப்போ நிரப்பிக் காட்டியதுக்கு ஓடிபி மட்டும் போட்டிருப்போம். நேரம் கிடைக்கும்போது உங்க பாலிசி பி.டி.எஃப்-ல அந்தப் பக்கங்களைத் திறந்து பாருங்க.

சிகரெட் பிடிப்பீங்களா, ஒரு நாளைக்கு எத்தனை? குடிப்பீங்களா, வாரத்துக்கு எவ்வளவு? சுகர், பிரஷர் இருக்கா? அப்பா அம்மாவுக்கு 60 வயசுக்குள்ள ஹார்ட் பிரச்சினை வந்திருக்கா? உயரம், எடை, வருமானம், படிப்பு, வேலை. இத்தனையும் கேட்பாங்க. ஆனா தினமும் பைக்ல எத்தனை கிலோமீட்டர் போறீங்க, லைசென்ஸ் இருக்கா, குடிச்சிட்டு ஓட்டி எப்பவாவது மாட்டியிருக்கீங்களா? இந்த மாதிரி நேரடிக் கேள்விகள் பெரும்பாலான ஃபார்ம்களில் இருக்காது. அதிகபட்சம் "மோட்டார் ரேஸ் மாதிரி ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா"ன்னு ஒரு வரி இருக்கும். நாமளும் "இல்லை"ன்னு டிக் பண்ணிட்டுப் போயிடுவோம்.

கேள்வி குறைவா இருந்தா நமக்கு நல்லதுதானேன்னு தோணும். என் கருத்து வேற. வண்டி ஓட்டுறது பத்தின கேள்வியை நம்ம ஊர்ல யாரும் கேட்காம விடறதில்ல. பாலிசி கொடுக்கும்போது கேட்க வேண்டியதை, க்ளெய்ம் வரும்போது கேட்கிறாங்க. அப்போ பதில் சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க, உங்க அம்மாவோ மனைவியோதான் உட்கார்ந்திருப்பாங்க. இந்தப் பதிவு அதைப் பத்திதான்.

அண்டர்ரைட்டிங்ல என்ன நடக்குது?

அண்டர்ரைட்டிங்னா, "இந்த ஆளுக்கு கவர் கொடுக்கலாமா, கொடுத்தா என்ன விலைக்கு?"ன்னு கம்பெனி எடுக்கிற முடிவு. மூணு மாதிரி பதில் வரும். சாதாரண பிரீமியத்துல ஓகே, கூடுதல் பிரீமியம் போட்டு ஓகே, இல்லைன்னா முடியாது. கூடுதலா போடுறதுக்கு "லோடிங்"னு பேரு. புகை பிடிக்கிறவங்களுக்கு அதே வயசுக்கு அதிக பிரீமியம் வர்றதும் இந்தக் கணக்குலதான்.

நோய் சம்பந்தப்பட்ட ரிஸ்க் வயசு ஏற ஏற கூடிட்டே போகும். விபத்து ரிஸ்க் அந்த மாதிரி வயசோட சேர்ந்து ஏறிட்டே போறதில்ல. 1860-லயே வில்லியம் மேக்கம்ங்கிற ஆக்சுவரி, இறப்பு விகித ஃபார்முலாவுல வயசைச் சார்ந்த பகுதியோட, வயசைச் சாராத ஒரு நிலையான எண்ணையும் தனியா சேர்த்தார். விபத்து மாதிரியான சாவுகளுக்காகத்தான் அந்த எண்.

இதை உங்க வயசுக்குப் பொருத்திப் பாருங்க. 26, 28 வயசுல சுகர், ஹார்ட் எல்லாம் ரொம்பச் சின்ன ரிஸ்க். அந்தப் பகுதி சுருங்கும்போது விபத்தோட பங்கு தானா பெருசாத் தெரியும். 55 வயசுக்காரரோட ஃபார்ம்ல பைக் பத்திக் கேட்காம விட்டா பரவாயில்ல. 26 வயசுப் பையனோட ஃபார்ம்ல அதைக் கேட்காம, அப்பாவோட ஹார்ட் பத்திக் கேட்கிறதுதான் வேடிக்கை.

நம்பர் என்ன சொல்லுது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட 2022-ம் வருஷ அறிக்கைப்படி, அந்த ஒரு வருஷத்துல இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள். இறந்தவங்க 1,68,491 பேர். அதாவது மணிக்கு 19 பேர். காயம்பட்டவங்க 4,43,366 பேர்.

இறந்தவங்கள்ல 66.5% பேர் 18 முதல் 45 வயசுக்குள்ள. கிட்டத்தட்ட 44.5% பேர் டூ வீலர்ல போனவங்க. ஹெல்மெட் போடாம இறந்தவங்க மட்டும் 50,029 பேர். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நம்ம தமிழ்நாடு, 64,105. இங்க இறந்தவங்க 17,884 பேர். ஒரு நாளைக்கு சராசரியா 49 குடும்பம்.

18-ல இருந்து 45, டூ வீலர், தமிழ்நாடு. இந்தப் பதிவைப் படிக்கிறவங்கள்ல பலபேருக்கு இந்த மூணும் பொருந்தும். பயமுறுத்தச் சொல்லல. உங்க பெரிய ரிஸ்க் எதுன்னு தெரிஞ்சாத்தான் உங்க கவர் அதுக்குப் பொருந்துதான்னு பார்க்க முடியும்.

அப்புறம் ஏன் ஆரம்பத்துல கேட்கல?

அமெரிக்காவில் லைஃப் இன்சூரன்ஸ் வாங்கினா, பல கம்பெனிகள் அந்தந்த மாநிலத்துல இருந்து உங்க டிரைவிங் ரெக்கார்டை வாங்கிப் பார்ப்பாங்க. சமீபத்துல குடிச்சிட்டு ஓட்டி மாட்டியிருந்தா பிரீமியம் ஏறும், சில சமயம் பாலிசியே கிடைக்காது. அங்க அந்த ரெக்கார்டு ஓட்டுற ஆளோட லைசென்ஸ் பேர்ல இருக்கு.

இங்க நிலைமை வேற. சிக்னல்ல கேமரா பிடிச்சா இ-சலான் வண்டி நம்பருக்குத்தான் வருது. வண்டி அப்பா பேர்ல இருந்தா சலான் அப்பாவுக்கு. மச்சான் வாங்கிட்டுப் போய் சிக்னல் ஜம்ப் பண்ணினாலும் உங்க ஃபோனுக்குத்தான் மெசேஜ் வரும். லைஃப் இன்சூரன்ஸ் ஆளுக்கானது, சலான் வண்டிக்கானது. ரெண்டையும் ஒட்ட வெச்சா தப்பான ஆள் அதிக பிரீமியம் கட்டுவார்.

மோட்டார் இன்சூரன்ஸ்லயே இந்தச் சிக்கல் வந்தது. டிராஃபிக் விதிமீறலையும் மோட்டார் பிரீமியத்தையும் இணைக்கிறது பத்தி ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2019-ல ஒரு குழு போட்டது. 2021 ஜனவரியில் அதோட அறிக்கை வெளியாச்சு. குடிச்சிட்டு ஓட்டினா 100 பாயின்ட், தப்பான இடத்துல பார்க்கிங் பண்ணினா 10 பாயின்ட்னு விதிமீறலுக்குத் தகுந்த கணக்கு. ஆனா பணம் கட்ட வேண்டியது வண்டி ஓனர்.

அதனால, சலான் எண்ணிக்கையை வெச்சு டெர்ம் பிரீமியம் ஏத்தலாம்னு யாராவது சொன்னா நான் எதிர்ப்பேன். பைக் ஓட்டுறவங்களுக்கு மொத்தமா லோடிங் போடலாம்னு சொன்னாலும் எதிர்ப்பேன். ஒரகடத்துலயோ ஸ்ரீபெரும்புதூர்லயோ ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி 11 மணிக்கு வெளிய வர்றவருக்கு பைக் ஆசைக்கு இல்ல, பஸ் இல்லாததுக்கு. அவர் குடும்பத்துக்குத்தான் கவர் ரொம்பத் தேவை. விலையை ஏத்தினா அவர் பாலிசி எடுக்காமலே போயிடுவார்.

விலை ஏத்தாதீங்கன்னு சொல்றது ஒண்ணு, கேள்வியே கேட்காம விடறது இன்னொண்ணு. கேட்காம விட்டதோட விளைவு எங்க வந்து நிக்குதுன்னு பார்ப்போம்.

கேள்வி வர்ற இடம்: ஆக்சிடென்ட் ரைடர்

டெர்ம் பாலிசி வாங்கும்போது, "சார், கூட கொஞ்சம் போட்டா ஆக்சிடென்டல் டெத் ரைடர் வரும். விபத்துல போனா டபுள் அமவுன்ட்"னு சொல்வாங்க. இளம் வயசுல விபத்து ரிஸ்க்தான் பெருசுன்னு நமக்கும் தெரியும். அதனால பலபேர் எடுக்கிற முடிவு: மெயின் கவரைக் குறைச்சு, ரைடரைப் பெருசா வெச்சுக்கிறது. பிரீமியமும் கம்மி. லாஜிக் சரி மாதிரிதான் தெரியும்.

ரெண்டு கான்ட்ராக்டோட விதிகளும் வேற வேறங்கிறதுதான் இதுல சிக்கல்.

பெரும்பாலான டெர்ம் பாலிசிகளின் மெயின் கவரில் இருக்கிற விலக்கு ஒண்ணே ஒண்ணுதான்: முதல் 12 மாசத்துக்குள்ள தற்கொலை. மத்தபடி எப்படி இறந்தாலும், ஃபார்ம்ல உண்மையைச் சொல்லியிருந்தா பணம் வரும். ரைடர்ல விலக்குப் பட்டியல் நீளம். மது அல்லது போதையின் தாக்கத்தில் நடந்த விபத்து, ரேஸ், குற்ற நோக்கத்தோட சட்டத்தை மீறினப்போ நடந்தது இப்படிப் போகும். விபத்து நடந்து குறிப்பிட்ட நாளுக்குள்ள இறந்திருக்கணும்னும் இருக்கும். பல பாலிசிகளில் அது 180 நாள். அதோட எஃப்.ஐ.ஆர், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், தேவைப்பட்டா ரசாயனப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் கேட்பாங்க.

அதாவது, ஆரம்பத்துல கேட்காத "எப்படி ஓட்டுவீங்க?"ங்கிற கேள்வி இங்க வந்து உட்கார்ந்திருக்கு.

இதுக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன ரெண்டு வழக்கு சொல்றேன்.

முதல் வழக்கு, 2019 தீர்ப்பு. எல்.ஐ.சி பாலிசி வெச்சிருந்த ஒருத்தர் பைக்ல போகும்போது நெஞ்சுவலி வந்து கீழ விழுந்து இறந்துட்டார். மெயின் தொகையை எல்.ஐ.சி கொடுத்திருச்சு. விபத்துக்கான கூடுதல் தொகையைத் தரல. சாவுக்குக் காரணம் ஹார்ட் அட்டாக், விழுந்தது இல்லைன்னு சொன்னாங்க. கோர்ட்டும் அதை ஏத்துக்கிச்சு. பைக்ல போகும்போது இறந்தா அது தானா "விபத்து மரணம்" ஆகிடாது.

ரெண்டாவது, 2021 தீர்ப்பு. இது லைஃப் இன்சூரன்ஸ் இல்ல, கார் இன்சூரன்ஸ். டெல்லியில் 2007-ல ஒரு போர்ஷே கார் விபத்து. ஓட்டினவருக்கு மது அளவு டெஸ்ட் எதுவும் எடுக்கல. மருத்துவ அறிக்கையில் மது வாசனைன்னு மட்டும் இருந்தது. டெஸ்ட் இல்லாமலே, சூழ்நிலைகளை வெச்சு கம்பெனி க்ளெய்மை மறுத்தது சரின்னு கோர்ட் சொல்லிச்சு. "ஊதச் சொல்லலைன்னா ஒண்ணும் நிரூபிக்க முடியாது ப்ரோ"ங்கிற டீக்கடை சட்டத்தை இதோட மறந்துடுங்க. மோட்டார் வாகனச் சட்டத்துல 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம்னு ஒரு அளவு இருக்கு. ஆனா பல இன்சூரன்ஸ் பாலிசிகளில் நம்பரே இருக்காது. "மதுவின் தாக்கத்தில்"னு மட்டும்தான் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

27 வயசு, மாசம் 55,000 சம்பளம், அப்பா ரிட்டயர்டு, தங்கச்சி காலேஜ். வேளச்சேரியில் இருந்து ஓ.எம்.ஆர்-க்கு தினமும் பைக். கற்பனையா இப்படி ஒருத்தரை வெச்சுக்குவோம். "எனக்கு ஒரு கோடி கவர் இருக்கு"ன்னு சொல்ல அவருக்கு ரெண்டு வழி.

வழி 1: 50 லட்சம் மெயின் கவர், 50 லட்சம் ஆக்சிடென்ட் ரைடர்.
வழி 2: ஒரு கோடி மெயின் கவர், ரைடர் கிடையாது.

இப்போ நாலு சூழ்நிலை.

• நோயில் இறந்தா: வழி 1-ல 50 லட்சம், வழி 2-ல ஒரு கோடி.
• சாதாரண சாலை விபத்துல இறந்தா: ரெண்டுலயும் ஒரு கோடி.
• வண்டியில் போகும்போது ஹார்ட் அட்டாக் வந்தா: வழி 1-ல 50 லட்சம், வழி 2-ல ஒரு கோடி.
• ஆஃபீஸ் பார்ட்டி முடிஞ்சு குடிச்சிட்டு ஓட்டி இறந்தா: வழி 1-ல 50 லட்சம், வழி 2-ல பெரும்பாலும் ஒரு கோடி.

நாலாவதைப் படிச்சிட்டு, "அப்போ குடிச்சிட்டு ஓட்டினாலும் பணம் வருமா"ன்னு கேட்காதீங்க. குடிச்சா வண்டியைத் தொடாதீங்க, ஆட்டோ பிடிங்க. எதிர்ல வர்றவருக்கும் ஒரு குடும்பம் இருக்கு. நான் சொல்றது வேற. ஒரு மனுஷன் ஒரு ராத்திரி பண்ணின தப்புக்கு அவர் தங்கச்சியோட காலேஜ் ஃபீஸ் பலி ஆகக் கூடாது. மெயின் கவர் அந்தத் தங்கச்சிக்காக. ரைடர் அவர் ஓட்டின விதத்தைப் பார்த்துட்டுத்தான் பணம் கொடுக்கும்.

வழி 2-க்கு பிரீமியம் கூட வரும், உண்மை. ஆனா 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் லைஃப் பாலிசிக்கு இருந்த 18% ஜி.எஸ்.டி போயிடுச்சு. மிச்சமான அந்தப் பணத்தை மெயின் கவரை ஏத்தறதுக்குப் போடுங்க. ரைடர் வேணும்னா அதுக்கு மேல ஒரு போனஸ் மாதிரி எடுத்துக்கோங்க. அஸ்திவாரமா வெச்சுக்காதீங்க.

காயம்பட்டு உயிரோட இருந்தா?

2022-ல இறந்தவங்களை விட காயம்பட்டவங்க ரெண்டரை மடங்குக்கும் மேல. சாதாரண டெர்ம் பாலிசி காயத்துக்கு ஒரு ரூபாய் தராது. கால் போய் ரெண்டு வருஷம் வேலைக்குப் போக முடியலைன்னா, ஈ.எம்.ஐ-யும் ஓடும், டெர்ம் பிரீமியமும் ஓடும்.

இதுக்குத் தனியா ஒரு பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுக்கணும். நிரந்தர ஊனம், பகுதி ஊனம், வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கான தொகை, இந்த மூணும் இருக்கான்னு பாருங்க. இங்க அண்டர்ரைட்டிங் உங்க வேலையை நேரடியாப் பார்க்கும். பல கம்பெனிகள் வேலைகளை மூணு பிரிவா பிரிச்சு வெச்சிருக்காங்க. அக்கவுன்டன்ட் மாதிரி மேஜை வேலை முதல் பிரிவு. லாரி டிரைவர், மெக்கானிக் எல்லாம் ரெண்டாவது. சுரங்க வேலை, மோட்டார் ரேஸ் எல்லாம் மூணாவது. நீங்க ஐ.டி-ல இருந்துட்டு சனி, ஞாயிறு ஃபுட் டெலிவரி பண்றீங்கன்னா அதையும் சொல்லிடுங்க. வேலை மாறினா தெரிவிக்கணும்னு ஷரத்து இருக்கான்னும் பாருங்க. பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். க்ளெய்ம் நிற்கும்.

இதுலயும் மது விலக்கு இருக்கும். அதைத் தாண்ட எந்த பாலிசியும் உதவாது.

வண்டி அப்பா பேர்லயா?

வண்டி இன்சூரன்ஸ்ல "ஓனர் டிரைவர் பி.ஏ"ன்னு ஒரு வரி இருக்கும். முன்னாடி டூ வீலருக்கு வெறும் ஒரு லட்சம்தான். மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் 2018-ல இது 15 லட்சம் ஆச்சு. நல்ல விஷயம்தான். ஆனா பேரைப் பாருங்க, "ஓனர்" டிரைவர். ஆர்.சி-யில் யார் பேர் இருக்கோ அவருக்குத்தான் கவர். விபத்து நடந்த நேரத்துல அவர்கிட்ட செல்லுபடியாகிற லைசென்ஸும் இருக்கணும்.

ஆர்.சி அப்பா பேர்ல, தினமும் ஓட்டுறது நீங்க. அப்போ அந்த 15 லட்சம் உங்களுக்கு இல்ல. காலேஜ் முதல் வருஷம் அப்பா வாங்கிக் கொடுத்த வண்டியை இன்னும் பேர் மாத்தாம ஓட்டுறவங்க எத்தனை பேர்? அப்படின்னா உங்க பேர்ல தனி ஆக்சிடென்ட் பாலிசி எடுங்க, இல்லைன்னா ஆர்.சி-யை மாத்துங்க.

"அதான் தேர்டு பார்ட்டி இருக்கே, கேஸ் போட்டா வரும்"னு நினைக்கிறவங்களுக்கும் ஒரு செய்தி. வேகமா, கவனக்குறைவா ஓட்டி தன்னோட தப்பாலேயே இறந்த ஒருத்தரோட குடும்பம், கர்நாடகாவில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. ட்ரிப்யூனல், ஹைகோர்ட் ரெண்டும் மறுத்த பிறகு 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டும் கை விரிச்சிருச்சு. தேர்டு பார்ட்டிங்கிறது உங்களால அடிபட்டவருக்கு. தப்பு உங்க மேலன்னா உங்க குடும்பத்துக்கு அந்தக் கதவு திறக்காது. அப்போ அவங்களுக்கு மிஞ்சுறது நீங்க எடுத்து வெச்ச டெர்ம் கவர்தான்.

எதைச் சொல்லணும், எதைச் சொல்ல வேண்டாம்?

ஃபார்ம்ல கேட்டதுக்கு உண்மையான பதில். இதுதான் ஒரே விதி. ஹெல்மெட் சலான், பார்க்கிங் சலான் பத்தி ஃபார்ம் கேட்கலைன்னா நீங்களா பட்டியல் போட வேண்டாம். ஆனா மூணு இடத்துல கவனம்.

ஒண்ணு, குடிச்சிட்டு ஓட்டின கேஸ். "10,000 ரூபாய் கட்டியாச்சு, முடிஞ்சது"ன்னு நினைப்போம். இது ரோட்டுலயே சமரசமா முடிக்கக்கூடிய சாதாரண அபராதம் இல்ல. கோர்ட்டுக்குப் போற குற்றம். குற்றத்தை ஒத்துக்கிட்டு அபராதம் கட்டினா அது தண்டனைதான். "எப்பவாவது குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டிருக்கீங்களா"ன்னு ஃபார்ம்ல கேட்டிருந்தா, யோசிக்காம "ஆமா"ன்னு எழுதி விவரம் கொடுங்க.

ரெண்டு, குடிக்கிற அளவு. "எப்பவாவது"ன்னு பூசி மெழுகாதீங்க. மெடிக்கல் டெஸ்ட்ல லிவர் சம்பந்தப்பட்ட டெஸ்டும் எடுக்கிறாங்க, காரணம் இல்லாம இல்ல.

மூணு, ரேஸ் மற்றும் ட்ராக் டே. இருங்காட்டுக்கோட்டை சர்க்யூட்லயோ கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேலயோ வருஷத்துக்கு ரெண்டு தடவை ஓட்டினாலும், பொழுதுபோக்கு கேள்விக்கு பதில் "ஆமா"தான்.

"மூணு வருஷம் ஆயிட்டா எதையும் கேட்க முடியாதே"ன்னு சிலர் சொல்வாங்க. இன்சூரன்ஸ் சட்டம் 45-வது பிரிவு அதைத்தான் சொல்லுது. மூணு வருஷத்துக்கு அப்புறம் உண்மையை மறைச்சதா சொல்லி பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. ஆனா ரெண்டு விஷயம். ஆட்டோ டெபிட் ஃபெயில் ஆகி, பாலிசி லேப்ஸ் ஆகி, ரிவைவ் பண்ணினா அந்த மூணு வருஷக் கணக்கு மறுபடி முதல்ல இருந்து ஓடும். ரைடர்ல எழுதியிருக்கிற விலக்குக்கு 45-வது பிரிவு கேடயமும் இல்ல. பத்து வருஷம் ஆனாலும் மது விலக்கு மது விலக்குதான்.

கம்பெனிகள் என்ன பண்ணணும்?

என் கருத்தை நேரடியாச் சொல்றேன். சலான் வேண்டாம், பைக் லோடிங் வேண்டாம். ஆனா ஆக்சிடென்ட் ரைடர் விக்கிற எந்தக் கம்பெனியும் அந்த இடத்துலயே மூணு கேள்வி கேட்கணும். தினமும் டூ வீலர் ஓட்டுவீங்களா? செல்லுபடியாகிற லைசென்ஸ் இருக்கா? குடிச்சிட்டு ஓட்டினதுக்கு கோர்ட் அபராதம் கட்டியிருக்கீங்களா? பதில் எப்படி இருந்தாலும், "இந்தச் சூழ்நிலைகளில் இந்தத் தொகை வராது"ன்னு பெரிய எழுத்துல, தமிழ்ல காட்டிட்டுத்தான் ஓடிபி கேட்கணும்.

இதனால ரைடர் விற்பனை குறையும்னு சொல்வாங்க. குறையட்டும். விலக்கைப் படிச்சா வாங்க மாட்டாங்கன்னா, படிக்காம வித்ததை எப்படி நியாயப்படுத்துறது? கேட்காம பிரீமியம் வாங்கிட்டு, செத்த பிறகு விசாரிக்கிறது சட்டப்படி சரியா இருக்கலாம். நியாயமான அண்டர்ரைட்டிங்னு என்னால சொல்ல முடியல.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது

1. பாலிசியைத் திறந்து மெயின் கவர் எவ்வளவு, ரைடர் எவ்வளவுன்னு தனித்தனியா எழுதுங்க. குடும்பத்துக்கு எவ்வளவு தேவைன்னு கணக்குப் போடும்போது ரைடரைச் சேர்க்காதீங்க.

2. ப்ரப்போசல் ஃபார்ம் காப்பியில் மது, தொழில், பொழுதுபோக்கு, குற்ற வழக்கு பதில்களைப் படிங்க. ஏஜென்ட் தப்பா போட்டிருந்தா கம்பெனிக்கு மெயில் அனுப்பி திருத்துங்க. புது பாலிசின்னா 30 நாள் ஃப்ரீ லுக் இருக்கு, பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுக்கலாம்.

3. லைசென்ஸ் எக்ஸ்பைரி தேதி, ஆர்.சி பேர், ஓனர் டிரைவர் கவர் மூணையும் பாருங்க.

4. பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி தனியா எடுங்க. உடனே முடியலைன்னா பேங்க் மூலமா பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டத்துலயாவது சேருங்க. வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்து கவர்.

5. ஆஃபீஸ் கொடுக்கிற குரூப் கவர் வேலையை விட்டா நின்னுடும். பி.எஃப்-ஓட வர்ற ஈ.டி.எல்.ஐ அதிகபட்சம் 7 லட்சம். ரெண்டையும் கூடுதலா வெச்சுக்கோங்க. நாமினி பேர் அப்டேட்டா இருக்கான்னு மட்டும் செக் பண்ணுங்க.

6. இதையெல்லாம் எழுதி வீட்ல ஒருத்தர்கிட்ட கொடுங்க. க்ளெய்ம் ஃபார்ம் நிரப்பப் போறது அவங்கதான்.

அண்டர்ரைட்டர் உங்க ரத்தத்தை எடுத்துப் பார்த்தார், உங்க பைக்கைப் பார்க்கல. அந்த வேலையை நீங்களே பண்ணிடுங்க. ஹெல்மெட் ஸ்ட்ராப்பையும் மாட்டுங்க. அதுக்கு பிரீமியமும் இல்ல, விலக்கும் இல்ல.